மூன்றாவது நியெநாஷ்

போன வாரம் லுட்விக்கை நாம் விட்டுவந்தபோது அவர் படுக்கையறை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். இறந்துபோன மனைவி சலோமியாவின் குளிர்காலக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வெளியே எடுத்தார். எடுத்த கையோடு திரும்ப மாட்டி வைத்தார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் மொத்தம் நான்கு. நான்கும் ரொட்டிக் கடைக்காரியிடம்.

இன்று ஜனவரி இருபத்திரண்டு. தாத்தாக்கள் தினம்.

ரிபின் நகரத்து நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒன்பதே முக்காலுக்கே லுட்விக் வாசலில் நின்றார். காதை மூடும் குல்லாய், கழுத்தைச் சுற்றி சலோமியா பின்னிய சாம்பல் நிற மஃப்ளர். முப்பத்தைந்து வருஷம் பால் லாரி ஓட்டிய மனிதர். இப்போது கண்ணில் புரை. கார் சாவியை மகளிடம் கொடுத்து இரண்டு வருஷமாகிறது.

"வந்துட்டீங்களா, பான் லுட்விக்?" நூலகர் விஸ்லாவா, ஊர் வழக்கப்படி மரியாதைக்குப் 'பான்' சேர்த்து, சாவியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "போன வாரமே எதிர்பார்த்தேன். பட்டியல் வந்து நாலு நாளாச்சு."

"சளி."

"உக்காருங்க. நானே போட்டுத் தர்றேன்."

வருஷா வருஷம் ஜனவரியில் அரசாங்கம் அந்தப் பட்டியலை வெளியிடும். நாட்டில் என்னென்ன குடும்பப் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஆண்கள் தனி, பெண்கள் தனி. நோவாக், கோவால்ஸ்கி எல்லாம் மேலே கும்பலாக நிற்பார்கள். லுட்விக்கின் பெயரைப் பார்க்க அடியாழத்துக்கு இறங்க வேண்டும். நியெநாஷ். அண்ணன் எட்முண்ட் இருந்தவரை மூன்று பேர். அண்ணன் போன பிறகு இரண்டு. ஒருவராகக் குறைந்துவிட்டால் பட்டியலில் பெயரே வராது.

இரண்டில் ஒன்று லுட்விக். மற்றொன்று மகன் சிப்ரியான்.

அப்பாவும் மகனும் பேசி நான்கு வருஷம் ஆகிவிட்டது. சிப்ரியான் டோருனில் இருக்கிறான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். விவாகரத்தான ஒருத்தியை, ஒரு பெண் குழந்தையோடு, தேவாலயம் போகாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டான். லுட்விக் போகவில்லை. சலோமியா மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தாள். அடுத்த வருஷமே அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்த மேசையில் யாரோ ஒரு சொந்தக்காரர் சிப்ரியானைக் காட்டி, "இவனும் நியெநாஷ்தானே?" என்று கேட்டார்.

லுட்விக் கரண்டியைக் கீழே வைத்தார். பெயரை இரண்டாக உடைத்து, நடுவில் இடைவெளி விட்டுச் சொன்னார். "நியெ நாஷ்."

எங்களவன் இல்லை.

இரண்டு பேர் சிரித்துக்கூட விட்டார்கள், நகைச்சுவை என்று நினைத்து. சிப்ரியான் கைக்குட்டையால் வாயைத் துடைத்தான், எழுந்தான், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு லுட்விக் தானாகத் தேடிப் பார்த்துக்கொள்ளும் சேதி ஜனவரியில் வரும் அந்த இரண்டு என்ற எண் மட்டும்தான்.

விஸ்லாவா திரையை அவர் பக்கம் திருப்பினாள். லுட்விக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

மூன்று.

"கொஞ்சம் பெருசாக்கு."

பெரிதாக்கினாள். மூன்று பெரிய மூன்றாக ஆயிற்று.

"தப்பா ஏத்தியிருப்பாங்க," என்றார். "எட்முண்டை மறுபடி சேர்த்துட்டாங்க போல."

"செத்தவங்களை எடுத்துவிட மறந்திருந்தா போன வருஷமே மூணு வந்திருக்கணுமே." விஸ்லாவா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மனிதருக்குத் தானாகப் புரியட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

"வெளிநாட்டுலேர்ந்து யாராவது வந்து குடியுரிமை வாங்கியிருப்பான்."

"இருக்கலாம்."

"ஸ்வீடன்காரன் எவனாவது."

"இருக்கலாம், பான் லுட்விக்." அவள் மெதுவாகச் சொன்னாள். "குழந்தையாவும் இருக்கலாம்."

லுட்விக் எழுந்துகொண்டார். மஃப்ளரை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். விஸ்லாவா வாசல்வரை ஓடிவந்து கழுத்தில் சுற்றிவிட வேண்டியிருந்தது.

வெளியே மழலைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய ஓர் இதயம். முதியோர் மனமகிழ் மன்றத்துக்குப் போகிறார்கள். போன வருஷம் இதே நாளில் மேல்வீட்டுக்காரர் தன் பேத்தி வரைந்த வாழ்த்து அட்டையைக் காட்டுவதற்காகவே கதவைத் தட்டினார். அட்டையில் தாத்தாவுக்கு ஆறு விரல். லுட்விக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் போக்னா வேலை செய்யும் மருந்துக் கடை சந்தைச் சதுக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணத்தோடு கணவன் பெயருக்கு மாறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவுக்குக் கோழி சூப் வைத்து, தரையைத் துடைத்துவிட்டுப் போவாள். இருவரும் சளி மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள், கரி அடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். சிப்ரியானைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

வரிசையில் ஏழு பேர். லுட்விக் எட்டாவதாக நின்றார். முன்னால் நின்ற கிழவிக்கு இருமல் மருந்தில் சர்க்கரை இருக்கிறதா, இல்லையா என்று ஒரு பெரிய விசாரணை நடந்தது. அவர் முறை வந்தது.

"என்னப்பா, மாத்திரை தீந்துடுச்சா? நேத்துதானே..."

"மூணாவது யாரு?"

"என்ன?"

"மூணு போட்டிருக்கான். நானு, அவன். மூணாவது யாரு?"

போக்னாவின் கை பணப்பெட்டி மேலேயே நின்றுவிட்டது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் பக்கத்துக் கவுண்டர்காரியிடம், "ரெண்டு நிமிஷம் பாத்துக்கோ," என்றாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் பின்பக்க அறைக்கு இழுத்துப்போனாள்.

சின்ன அறை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒரு முக்காலி, ஒரு மின்கெட்டில். போக்னா கெட்டிலைப் போட்டாள், கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள்.

"பையன்," என்றாள். "ஜூன் மாசம் பொறந்தான். ஏழு மாசம் முடிஞ்சுடுச்சு."

லுட்விக் முக்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏழு மாசமா ஞாயித்துக்கிழமை வந்து சூப் வச்சுட்டுப் போறே. வாயத் திறக்கல."

"அவன் சொல்லியிருந்தான்ப்பா. அப்பாவாக் கேட்டா சொல்லு, கேக்காம சொல்லாதேன்னான்." போக்னா கதவிலிருந்து நிமிர்ந்தாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காத்துக்கிட்டிருந்தேன். சிப்ரியான் எப்படி இருக்கான்னு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா அங்கயே, அந்த அடுப்பு முன்னாலயே சொல்லியிருப்பேன். கேட்டீங்களா? நாலு வருஷத்துல ஒரு தடவை?"

அவர் மஃப்ளர் நுனியை விரலில் சுற்றினார்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நின்னு பொய் சொல்லிச் சொல்லி எனக்கே என்னைப் பிடிக்கல."

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் டீ போடவில்லை.

"அவன் பொண்டாட்டி குடும்பப் பேரைத்தானே வச்சிருப்பாங்க பையனுக்கு," என்றார் லுட்விக். பிறகு அவரே திருத்திக்கொண்டார். "இல்ல. பட்டியல்ல மூணு இருக்கு."

"அவ பேரைத்தான் வைக்கறதா இருந்தான். எல்லாம் முடிவு பண்ணியாச்சு. உங்க பேரு எனக்கே வேணாம், என் புள்ளைக்கு எதுக்குன்னான். அப்புறம் நான் அந்தக் கடிதத்தை அனுப்பினேன்."

"எந்தக் கடிதம்?"

"பேராசிரியை கடிதம்ப்பா. உங்களுக்கு வந்தது."

லுட்விக்கின் காது சிவந்தது. சலோமியா இறந்த பிறகு, வீட்டில் கடிகாரச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாமல் போன ஒரு குளிர்காலத்தில், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பெயர்களை ஆராய்கிற ஒரு பேராசிரியைக்கு அவர் எழுதிப் போட்டார். எங்கள் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எத்தனை பேர் மிச்சம். பதிலாவது வருமே, தபால்பெட்டியில் தன் பெயர் போட்ட ஓர் உறையாவது விழுமே என்பதுதான் அதில் பாதி. ஒரு வருஷம் கழித்துப் போன மே மாதம் பதில் வந்தது. மூன்று பக்கம்.

முதல் பக்கத்திலேயே அவருக்கு அடி விழுந்தது. நியெநாஷ் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஸ்வீடன் படையெடுத்து வந்த காலத்தில் குதிரையிலிருந்து விழுந்த ஒரு தளபதி இந்தப் பக்கத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டான். ஊர்க்காரர்கள் அவனை நம்மவன் இல்லை என்று அழைத்தார்கள். அவன் வழி வந்தவர்கள்தான் நாங்கள். லுட்விக் இதைச் சொல்லாத கல்யாணம் இல்லை. வரவேற்பறைச் சுவரில் ஒரு வாள்கூடத் தொங்குகிறது, பழைய சாமான் சந்தையில் வாங்கியது. பேராசிரியை மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தாள்: அப்படி ஒரு தளபதி இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. பெயரை முதலில் சுமந்தது ஒரு பண்ணையடிமைக் குடும்பம்.

அதோடு லுட்விக் கடிதத்தை மடித்துப் பாத்திர அலமாரிக்குள் தள்ளிவிட்டார்.

"நீங்க முதல் பக்கத்தோட நிறுத்திட்டீங்க," என்றாள் போக்னா. "நான் வீடு துடைக்கறப்ப எடுத்து மூணையும் படிச்சேன். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதிவு பண்ணப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி." அவள் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "படிங்க."

"கண்ணு தெரியாது."

போக்னாவே படித்தாள்.

"'...ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்றாம் வருஷத்துத் தேவாலயப் பதிவேட்டில் மாச்சேய் என்ற பண்ணையாளுக்கும் அவன் மனைவிக்கும் பிறந்த ஐந்து குழந்தைகள் வரிசையாகப் புதைக்கப்பட்ட குறிப்பு இருக்கிறது. ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை. ஆறாவது ஆண் குழந்தையை, அக்காலத்து வழக்கப்படி, ஜன்னல் வழியாக ஒரு பிச்சைக்காரியிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றிருக்கிறார்கள். பிறகு அவளிடமிருந்தே அயலார் குழந்தைபோல வாசல் வழியாக வாங்கி வளர்த்திருக்கிறார்கள். அதன்பின் யார் கேட்டாலும், இது எங்களுடையது இல்லை என்றே பெற்றோர் சொல்ல வேண்டும். சாவின் காதில் அது விழ வேண்டும் என்பதற்காக. இந்த மூடத்தனத்தை விடும்படி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று பாதிரியார் ஓரத்தில் கோபமாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குழந்தை பிழைத்தது. எழுபது வயதுவரை இருந்தது. இறப்புக் குறிப்பில்தான் முதல்முறையாக நியெநாஷ் என்பது குடும்பப் பெயராக வருகிறது...'"

போக்னா திரையை விரலால் தள்ளினாள்.

"'...முதல் உலகப் போருக்கு முன் இப்பெயரில் ஆறு குடும்பங்கள் இருந்தன. எல்லோரும் அந்த ஒரு குழந்தையின் வழிவந்தவர்கள். இரண்டாம் போருக்குப் பின் ஒரே ஒரு குடும்பம். இன்று இரண்டு ஆண்கள். நீங்கள் கேட்ட அர்த்தத்தை இப்படிச் சொல்லலாம், ஐயா: இது யாரையும் விலக்குவதற்காக வைத்த பெயர் அல்ல. இழந்துவிடுவோமோ என்று பயந்துபோன இரண்டு பேர் வைத்தது.'"

கடைப்பக்கம் மணி அடித்தது. யாரோ உள்ளே வந்தார்கள், யாரோ வெளியே போனார்கள்.

"இது ரெண்டாவது பக்கத்துலயா இருந்தது?" என்று கேட்டார் லுட்விக்.

"ரெண்டாவதுலயும் மூணாவதுலயும்."

அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்துக்கொண்டார். "டோருன் பஸ் எத்தனை மணிக்கு?"

"இன்னைக்கா? அப்பா, வேணாம். மொதல்ல போன் பண்ணுங்க."

"நாலு வருஷமா அந்த நம்பர் என் போன்ல இருக்கு. அமுக்கத் தெரியல."

"நான் பண்ணிச் சொல்லட்டுமா?"

"நீ நடுவுல நின்னது போதும்."

போக்னா மருந்துப் பை ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் முகவரியை எழுதினாள். எழுதி முடித்தும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"கோவப்படுவான்."

"படட்டும்."

"நீங்க படாதீங்க. அதைத்தான் கேக்கறேன்."

பன்னிரண்டே காலுக்கு பஸ். லுட்விக் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்தச் சாலையில் அவர் ஓட்டாத வளைவு இல்லை. எந்தப் பண்ணையில் எத்தனை கேன் பால் என்று இன்றும் சொல்வார். பண்ணைகளில் பாதி இப்போது பூட்டிக் கிடந்தன. வயல்களில் பனி அழுக்காகக் கிடந்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை, ஆனாலும் அவர் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'நான் இரண்டாவது பக்கத்தைப் படிக்கவில்லை' என்று ஆரம்பிக்கலாமா? அசட்டுத்தனமாக இருந்தது. 'மன்னித்துவிடு' என்று ஆரம்பிக்கலாமா? அந்த வார்த்தையை அவர் தேவாலயத்தில் பாதிரியாரிடம் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. சலோமியாவிடம்கூட. டோருன் பாலம் வந்து, விஸ்துலா நதியில் பனிக்கட்டிகள் மிதந்து போவது தெரிந்தபோதும் முதல் வாக்கியம் வாய்க்கு வரவில்லை.

லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். வாசலில் அழைப்புப் பொத்தான்கள், பக்கத்தில் பெயர்கள். பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே நியெநாஷ் என்று தட்டச்சு செய்து ஒட்டியிருந்தது. தன் பெயரை வேறு ஒரு வாசலில் லுட்விக் பார்த்ததே இல்லை. எட்முண்ட்கூட இவரோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார். பிறகு அமுக்கினார்.

"யாரு?" சிறுமியின் குரல். மூக்கடைத்த குரல்.

"நியெநாஷ்," என்றார், பழக்கத்தில்.

"அது நாங்கதான். நீங்க யாரு?"

லுட்விக் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியின் சின்னத் துளைகள் அவரையே பார்த்தன.

"உங்கப்பா இருக்காரா?"

"சிப்ரியானா? இல்ல. அம்மாவும் இல்ல. தம்பியைத் தூக்கிட்டுத் தாத்தா வீட்டுக்குப் போயிருக்காங்க. இன்னைக்குத் தாத்தா தினம்ல? எனக்குக் காய்ச்சல், அதான் போகல." ஒரு தும்மல். "கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"திறக்காதே. எப்ப வருவாங்க?"

"சாயங்காலம். ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படுத்துக்கோ. சூடா ஏதாவது குடி."

தாத்தா வீடு. அவர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தபடி கட்டடத்துக்கு எதிரே விளையாட்டுத் திடலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஊஞ்சல் சங்கிலிகளில் பனி உறைந்திருந்தது. யாரோ ஒரு மனிதர் இந்த நேரத்தில் சோபாவில் சாய்ந்துகொண்டு அந்தப் பையனை மடியில் வைத்திருப்பார். கேக் வெட்டியிருப்பார்கள். அந்த மனிதர்மேல் பொறாமைப்படக்கூடத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

மூலைக்கடையில் ஒரு சூப் குடித்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். நாலே காலுக்கு இருட்டத் தொடங்கியது. வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ரிபினுக்குக் கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு. கால் விரல்கள் மரத்துப்போயின. ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவது என்று தீர்மானித்தார். ஐந்து மணிக்கு, இன்னும் பத்து நிமிஷம் என்று தீர்மானித்தார்.

ஒரு கார் வந்து வாசலில் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். தோளில் துணி மூட்டைபோல ஒரு குழந்தை. டிக்கியிலிருந்து தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் இழுத்து இறக்கினாள். "இடம் தேடி நிறுத்திட்டு வா," என்று ஓட்டியவரிடம் சொன்னாள். கார் நகர்ந்தது.

லுட்விக் எழுந்தது அவருக்கே தெரியவில்லை. வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்கறீங்களா?" என்றாள். வண்டியின் சக்கரம் படியில் முட்டிக்கொண்டு நின்றது. "கோவிச்சுக்காதீங்க... இந்த முன்பக்கத்தையும் கொஞ்சம் தூக்கினீங்கன்னா..."

இவள்தான் எவெலினா. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, சாவுக்கு அவள் வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

"வண்டி முழுசையும் நானே எடுத்துக்கறேன்," என்றார் லுட்விக். "நீங்க பிள்ளையைப் பாத்துக்குங்க. எந்த மாடி?"

"கடைசி மாடிங்க. பாவம் நீங்க."

"பால் கேன் தூக்கின கை."

மாடிப்படி விளக்கின் பொத்தானை அவள் அமுக்கினாள். இருவரும் ஏறினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவள் தோளுக்கு மேலாகக் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. வாயில் சப்பும் ரப்பர். இமைக்காத பெரிய சாம்பல் கண்கள். லுட்விக் ஒரு படியில் தடுக்கினார்.

"மெதுவா, ஐயா. குஸ்தாவ், அப்படி முறைக்காதேடா. இவன் புதுசா யாரைப் பாத்தாலும் இப்படித்தான்."

"குஸ்தாவ்," என்றார் லுட்விக்.

"இன்னைக்குத் தாத்தாவைப் பாக்கக் கூட்டிட்டுப் போனோம். எங்கப்பா இவனை மடியை விட்டு எறக்கவே இல்ல."

முதல் மாடி. இரண்டாவது மாடி. வண்டியின் கம்பி உள்ளங்கையில் அழுத்தியது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"இன்னொரு தாத்தா?"

எவெலினா மூச்சு வாங்க நின்றாள், குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"இருக்கார். ரிபின்ல." அந்நியரிடம் பேசுவது சிலசமயம் சுலபமாக இருக்கிறது, அவள் தொடர்ந்தாள். "பேச்சுவார்த்தை இல்ல. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கு விளக்கேத்தப் போவார். விடியறதுக்கு முன்னாடியே. அப்பா எட்டு மணிக்கு வருவாராம், அதுக்குள்ள ஏத்தி வச்சுட்டுத் திரும்பிடணும். நான் சொல்வேன், ஒரு தடவை எட்டரை வரைக்கும் நின்னுதான் பாரேன்னு. நிக்க மாட்டார்."

நீலக் கண்ணாடி விளக்கு. நான்கு நவம்பராக லுட்விக் போகும்போதெல்லாம் சலோமியாவின் தலைமாட்டில் அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். போக்னா வைத்தது என்று நினைத்திருந்தார். தன் விளக்கை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூன்றாவது மாடியில் வண்டியைக் கீழே வைத்தார். கை வலியால் அல்ல.

"ரொம்ப கஷ்டப்படுத்திட்டேன். இன்னும் ஒரு மாடிதான். மேல வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. நீங்க எந்த வீட்டுக்கு வந்தீங்க?"

கீழே வாசற்கதவு சாத்தும் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் காலடி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவன் அப்படித்தான் ஏறுவான்.

சிப்ரியான் திருப்பத்தில் வந்து நின்றான். தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. தாடி வைத்திருந்தான். ஒரு கையில் டயப்பர் பை, மறுகையில் காகிதத் தட்டில் மூடி வைத்த கேக் துண்டு. அப்பாவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். வண்டியின் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட லுட்விக்குக் கிடைக்கவில்லை.

"மூணுன்னு போட்டிருந்தான்," என்றார். "பட்டியல்ல."

சிப்ரியான் முகம் அசையவில்லை. மூன்று படி ஏறி வந்தான். பையையும் கேக்கையும் வண்டிக்குள் வைத்துவிட்டு அதன் மறுபக்கத்தைப் பிடித்தான்.

"இங்கேர்ந்து நான் தூக்கிக்கறேன்."

லுட்விக் கையை எடுத்தார்.

"சிப்ரியான், இவர் கீழேர்ந்து தூக்கிட்டு வந்திருக்கார்," என்றாள் எவெலினா. "ஒரு டீயாவது..."

"அவருக்கு அஞ்சு நாப்பதுக்கு பஸ்."

"எந்த பஸ்? உனக்கு இவரைத் தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. இருட்டில் குழந்தை ரப்பரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எவெலினா சுவரைத் தடவிப் பொத்தானை அமுக்கியபோது சிப்ரியான் வண்டியோடு நாலு படி மேலே போயிருந்தான். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. முதுகு வளைந்திருந்தது, தூக்குகிற கனத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே.

எவெலினா லுட்விக்கின் முகத்தைப் பார்த்தாள். குல்லாயை, மஃப்ளரை, சாம்பல் கண்களை. கணவனின் முதுகைப் பார்த்தாள். அவள் கை தானாகக் குழந்தையின் தலையைப் பொத்திக்கொண்டது. மேலே ஏறினாள்.

லுட்விக் தனியாக அந்தத் திருப்பத்தில் நின்றார். கீழே போகும் படிகள் ஒரு பக்கம், மேலே போகும் படிகள் ஒரு பக்கம். கைக்கடிகாரத்தில் ஐந்து இருபத்திரண்டு.

மேலே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வண்டிச் சக்கரம் வாசற்படியைத் தாண்டியது. ஒருவர் காலணி கழன்று விழுந்தது, பிறகு இன்னொருவர் காலணி. எவெலினா தணிந்த குரலில் என்னவோ கேட்டாள்.

கதவு சாத்தும் சத்தத்துக்காக லுட்விக் காத்திருந்தார். மாடிப்படி விளக்கு மறுபடியும் அணைந்தது.

மேலேயிருந்து ஒரு கீற்று வெளிச்சம் மட்டும், கடைசி மூன்று படிகள் மேல் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.